எடுக்காத பொட்டலம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன் சார், அதனால் நீங்கள் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். கத்தரி வெயில் இன்னும் விடவில்லை. பௌர்ணமி இல்லாத நாளில்கூட இந்த ரூட்டில் கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டது. கம்பெனி ஜீப்பில் வந்திருக்கலாம். ஆனால் இது என் சொந்த வேலை. சொந்த வேலைக்குக் கம்பெனி டீசலை எரிப்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

என் பெயர் அறிவுச்செல்வன். ஊர் நொச்சித்தாங்கல். அப்பா வைத்த பெயர் இது. கடைசிவரை கோயில் வாசல் மிதிக்காத மனிதர் அவர், என்னையும் அப்படியே வளர்த்தார். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, மலைப் படம் போட்ட தண்ணீர் பாட்டில் விற்கிறார்களே, அந்தக் கம்பெனியில் மக்கள் தொடர்பு அலுவலராகச் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

நான் வந்தது உண்ணாமலையக்கா விஷயமாக. போன மாதம் எங்கள் ஊர் பச்சையம்மன் கோயில் கிணற்றில் விழுந்து இறந்துபோனவர். தற்கொலை என்று எழுதி மூடியாகிவிட்டது. அதை நீங்கள் மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் எழுதிக்கொள்ளச் சுலபமாக இருக்கும்.

கம்பெனி எங்கள் ஊருக்கு வந்தது தொண்ணூற்றெட்டில். கிரிவலம் வருகிற கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகிக்கொண்டிருந்த காலம். அத்தனை பேர் ராத்திரி முழுக்க நடந்தால் அத்தனை பேருக்கும் தாகம் எடுக்கும். எங்கள் ஏரிக்குக் கீழே இருக்கிற தண்ணீர் நல்ல ருசி. கம்பெனி அங்கே நிலம் வாங்கி, ஷெட் போட்டு, போர் இறக்கியது. அப்போது ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சில பேருக்கு வேலை கிடைத்தது. எனக்கும் கிடைத்தது.

எங்கள் மேனேஜர் கோபி சார், சென்னைக்காரர். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. "நாம யாருக்கும் எதிரி இல்ல அறிவு. எல்லாருக்கும் வேண்டப்பட்டவங்க" என்பார். இரண்டாயிரத்தொன்று சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு மேடை போட்டுக்கொடுத்தோம், எதிர்த்து நின்றவருக்கு ஜீப்பும் மைக் செட்டும் கொடுத்தோம். இரண்டு பேருமே எனக்குக் கை கொடுத்து நன்றி சொன்னார்கள். ஓட்டு எண்ணும் அன்று காலையிலேயே பூக்கடையில் மாலையைக் கட்டி வாங்கி வைத்துவிட்டேன். யார் ஜெயித்தாலும் மாலை விழப்போவது ஒரு கழுத்தில்தானே. ஜனநாயகத்துக்கு நாங்கள் எதிரி என்று சில பேர் நோட்டீஸ் போட்டார்கள். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அதற்கு எங்களைப்போல் செலவு செய்தவர்கள் இந்த மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள்?

ஆனால் சட்டமன்றத் தொகுதி என்பது பெரிய கடை மாதிரி சார், அங்கே யாரையும் யாருக்கும் தெரியாது. ஊராட்சி அப்படியில்லை. யார் வீட்டு அடுப்பில் இன்றைக்கு என்ன கொதிக்கிறது என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அங்கே இரண்டு பக்கமும் கொடுத்தால் மறுநாளே சந்தி சிரித்துவிடும். அதே வருஷம் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கம்பெனிக்கு இன்னும் சில போர்கள் இறக்க வேண்டியிருந்தது. அதற்கு ஊராட்சித் தீர்மானம் வேண்டும், தலைவர் கையெழுத்து வேண்டும்.

எங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற கலையரசன் தன் மனைவி சரோஜாவை நிறுத்தினார். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. சரோஜா நல்ல பெண்தான், நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. எதிர்த்து மனுப் போட்டவர் உண்ணாமலையக்கா.

அக்கா எனக்கு ரத்த சொந்தமில்லை. ஒரே தெரு. மல்லாட்டைக் கடலை போட்டு, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பம். மகளிர் குழுவை அவர்தான் நடத்தினார். யார் வீட்டில் சண்டை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார், இரண்டு பேரையும் திட்டுவார், அங்கேயே காபி போடச் சொல்லிக் குடித்துவிட்டு வருவார். வீடு வீடாகப் போய் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நம்ம ஏரித் தண்ணிய நாமளே பாட்டில்ல வாங்கிக் குடிக்கறதுக்கா நம்ம அப்பன் தாத்தன் கரை கட்டினான்?" எங்கள் கம்பெனியில் விளம்பரத்துக்கென்று ஒரு டிபார்ட்மெண்டே இருக்கிறது. இப்படி ஒரு வாக்கியம் அவர்களால் எழுத முடிந்ததில்லை.

கோபி சார் சொல்லி நான் போய்ப் பேசிப் பார்த்தேன். அக்கா மோர் கொடுத்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டார்.

"நீ நம்ம ஊட்டுப் புள்ள. உன் வேலைய நீ பாக்கற, என் வேலைய நான் பாக்கறேன். இதுல கோச்சுக்கறதுக்கு இன்னா கீது? மோரக் குடி."

குடித்தேன். நன்றாக இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு காரியத்தில் முடிவெடுக்க முடியாமல் போனால் பச்சையம்மனிடம் பூ கேட்பார்கள். பூசாரி ஒரு வெள்ளரளியையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனியாகப் பூவரச இலையில் வைத்து, வாழைநாரால் கட்டி, அம்மன் காலடியில் போடுவார். கேட்கிறவரே ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். அம்மன் கொடுக்காததைத் திறந்து பார்ப்பது அவளைச் சந்தேகப்படுவது மாதிரி என்பார்கள்.

பெண் எடுப்பது, வழித்தகராறு, திருவிழா நடத்துவதா வேண்டாமா என்பது, இதற்கெல்லாம் பூ கேட்டிருக்கிறார்கள். தேர்தலுக்கு யாரும் கேட்டதில்லை. ஆனால் ஊர் பயந்துபோயிருந்தது சார். தொண்ணூற்றாறில் நடந்த தேர்தலில் ஒரு வைக்கோல்போர் எரிந்தது, அண்ணன் தம்பி பேச்சு நின்றது, பத்திரிகை அடித்த கல்யாணம் ஒன்று நின்றுபோனது. இன்னொரு தேர்தலை நினைத்தாலே பெரியவர்கள் முகம் சுண்டிப்போகும். பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஊர்க்கூட்டம் போட்டபோது நான் எழுந்து நின்று சொன்னேன். "ஓட்டுப் போட்டு ஊரு மறுபடியும் ரெண்டாவ வேணாம். உண்ணாமலையக்கா நிக்கலாமா வேணாமான்னு அம்மனையே கேட்டுடலாம்." என் அப்பாவின் மகன் இதைச் சொன்னதுதான் எல்லோரையும் உருக்கிவிட்டது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா மறுத்திருக்கலாம். மறுப்பார் என்றுதான் நான் பயந்தேன். அவருக்கோ சந்தோஷம். "ஊரு அடிச்சிக்கறதுக்கு நான் காரணமா இருக்க மாட்டேன். கேளுங்க. எங்க அம்மா என்னத் தள்ள மாட்டா" என்றார்.

பூசாரி தருமனிடம் பேசியதும் நான்தான். அவருடைய மருமகனுக்கு ஷெட்டில் வாட்ச்மேன் வேலை. கோயிலுக்குக் கம்பெனி சுற்றுச்சுவர் கட்டித் தருவதாக இருந்தது. இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வையுங்கள் என்றேன். மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். "ஐயோ, அம்மன் என் கண்ண நோண்டிடுவா தம்பி" என்றார். "அவ கேக்கறது ஊரு நிம்மதியத்தான் மாமா. நீங்க அதுக்கு ஒத்தாசை பண்றீங்க, அவ்ளோதான்" என்றேன். எனக்கு இதில் மனசாட்சி உறுத்தல் எதுவும் இல்லை சார். இல்லாத ஒருத்தியை ஏமாற்ற முடியாது. கல்லின் முன்னால் இரண்டு இலைச் சுருள். அதற்கு மேல் அங்கே என்ன இருக்கிறது?

அக்கா குளித்து, ஈரப் புடவையோடு வந்து எடுத்தார். பிரித்தார். சிவப்பு. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் மாதிரி முகம். பிறகு யாரும் சொல்லாமலே கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறிப்போய் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்தார். சரோஜா போட்டியின்றித் தலைவரானார். ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டான ஊர் என்று ஒரு விழா மேடையில் எங்களைப் பாராட்டினார்கள். சாப்பாடு கம்பெனி போட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான்கூட எதிர்பார்க்கவில்லை. கிராம சபை கூடும். கலையரசன் தீர்மானத்தைப் படிப்பார், சரோஜா கையெழுத்துப் போடுவார், ஊரே கை தூக்கும். ஒருத்தரும் கேள்வி கேட்பதில்லை. சரோஜா அம்மன் வைத்த தலைவர். அவரைக் கேள்வி கேட்டால் அம்மனைக் கேட்ட மாதிரி. ஓட்டுக்குப் பணம் கொடுத்து ஜெயித்திருந்தால் இந்த மரியாதை கிடைத்திருக்காது. வாங்கியவர்களே ஆறு மாதத்தில் ஏச ஆரம்பித்திருப்பார்கள். கோபி சார் இதைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லி, அவர்கள் என்னைச் சென்னைக்கே கூப்பிட்டு ஏசி அறையில் உட்காரவைத்துக் கேட்டார்கள். நம் ஆலை வரப்போகிற மற்ற ஊர்களில் என்ன சாமி, என்ன பழக்கம் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அதெல்லாம் இந்த வழக்குக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அக்காதான் மாறிப்போனார். பதவி போனதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. கம்பெனியைக்கூட மறந்துவிட்டார். "அம்மா எதுக்கு என்ன வேணாம்னா?" இது ஒன்றுதான் கேள்வி. பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். ஒருநாள் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாப்பில் என்னிடமும் கேட்டார்.

"நீ படிச்சவன், சாமி கும்பிடாதவன். உனக்குப் பயமில்ல, அதனால நெசத்தச் சொல்லுவ. என்கிட்ட இன்னா தப்பு தம்பி?"

"ஏதாவது காரணம் இருக்கும்க்கா. நமக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பஸ் வந்துவிட்டது.

அதன் பிறகு விரதம் என்று ஆரம்பித்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி செருப்பில்லாமல் வந்து மலையைச் சுற்றினார். ஆள் பாதியாகிவிட்டார். ஊர் வாய் சும்மா இருக்குமா? அம்மனே தள்ளியிருக்கிறாள் என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று பேச ஆரம்பித்தது. நான் அதைக் கிளப்பவில்லை. டீக்கடையில் ஒரே ஒரு தடவை, பேச்சோடு பேச்சாக, "அக்கா கிரிவலத்துக்கு ஒண்டியாத்தான் போறாங்களா?" என்று கேட்டேன். கேள்விதான். அதற்குள் அவர் கணவர் தசரதன் காதுக்கு அது வேறு ரூபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. தசரதன் கை நீட்டுகிற மனிதர் இல்லை. அக்கா கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அக்கா சோறு ஆக்கி வைப்பார். அவர் பழைய சோற்றைத் தானே போட்டுத் தின்றுவிட்டுக் கழனிக்குப் போவார்.

இந்த வருஷம் மழை இல்லை, உங்களுக்கே தெரியும். ஊர்க்கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. எங்கள் போர் மட்டும் ஆழம், அதனால் லாரி நிற்கவில்லை. தை மாதத்தில் பெண்கள் குடத்தோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்கள். "நீ வந்து முன்னாடி நில்லு உண்ணாமல, நாங்க பின்னாடி வர்றோம்" என்று கெஞ்சினார்கள். அக்கா கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே, "நான் வந்தா வெளங்காது, போங்கடி" என்றாராம். எங்கள் ஆலை வாசலில் ஒரு போலீஸ்காரர்கூட நிற்க வேண்டிய அவசியம் வரவில்லை. உங்கள் இலாகாவுக்கு நாங்கள் தொந்தரவே கொடுத்ததில்லை சார்.

சித்திரா பௌர்ணமிக்கு முந்தின வாரம் அக்கா கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். முடியை அள்ளிச் சொருகிக்கொண்டு, கட்டையாகிப்போன குரலில் சொன்னார். "இதுக்கு மேல என்னால தாங்க முடியல. நாளைக்கு மறுபடியும் பூ கேக்கறேன். எம் மேல குத்தம் இல்லன்னா எனக்கு வெள்ளை குடுக்கட்டும். குடுத்தா இந்த ஊருப் பொம்பளைங்க அத்தனை பேரையும் கூட்டிக்கினு போய் அந்தக் கேட்டு முன்னாடி உக்காருவேன். செவப்பு வந்தா நான் யாருக்கும் வேணாம்." தசரதன் கூட்டத்தில் தலையைக் குனிந்தபடி நின்றார்.

வருஷத்தில் எங்களுக்குப் பெரிய லோடு போவது கார்த்திகை தீபத்துக்கும் சித்திரா பௌர்ணமிக்கும்தான். கோபி சார் போனில், "லாரி நிக்கக் கூடாது அறிவு" என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் பெயரை இதில் இழுக்க வேண்டாம். நான் மறுபடியும் தருமனிடம் போனேன். இந்த முறை அவர் அழக்கூட இல்லை. இலையை எடுத்துக்கொண்டார்.

மறுபடியும் சிவப்பு.

அக்கா அந்தப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றார். தருமன் எடுக்காத பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொட்டலம் விழுந்தபோது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. இப்போது கேட்கவில்லை. காய்ந்த சருகு பாறையில் விழுகிற மாதிரி ஒரு சத்தம். கிணறு வற்றிப்போயிருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவரும் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயந்திரம் அக்கா வீட்டுக்குப் போய் அந்தப் பூவைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். தசரதன் அவருடைய துணிப்பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம், ஊர் அடங்கிக் கிடக்கிற வெயிலில், நான் வடக்கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அந்தப் பொட்டலத்தை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கிணற்றில் எட்டிப் பார்த்தால் அடியில் அக்கா நிற்கிறார். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற கற்களில் கால் வைத்தே இறங்கியிருக்கிறார், பாதியில் ஒரு கல் பெயர்ந்து விழுந்து முழங்கையெல்லாம் சிராய்ப்பு. கையில் பிரித்த இலை.

என்னைப் பார்த்துக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அக்கா சிரித்தார் சார். அழுதுகொண்டே சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த மனுஷர் முகத்திலும் பார்த்ததில்லை.

"அறிவு, இதுவும் செவப்புடா. ரெண்டுமே செவப்பு. எங்க அம்மா என்னத் தள்ளலடா. அவளுக்கு இது தெரியவே தெரியாது. யாரோ பண்ண வேலை இது."

பிறகு, "நல்ல வேளை நீ வந்த. மேல ஏற முடியல, கல்லு பேந்துக்கிச்சி. கயிறு கொண்டாந்திருக்கியா? போடு" என்றார். நான் எதற்குக் கயிறோடு வந்தேன் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

போட்டேன். அவரை மேலே ஏற்றிவிட வேண்டும் என்றுதான் போட்டேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். கயிற்றின் முனையைக் கல்தூணில் கட்டி, நடுக்கயிற்றைக் கையில் பிடித்து இழுத்தேன். இழுத்த கயிறு என் காலடியில் தளர்ந்து கிடந்தது. அக்கா இடுப்பில் கட்டிக்கொள்ளவில்லை, பூவையும் உள்ளங்கையில் சேர்த்து மடக்கிக் கயிற்றைப் பிடித்தபடி சுவரில் கால் ஊன்றி ஏறினார். எடை ஒன்றுமே இல்லை. விரதம் இருந்து இருந்து உடம்பில் எதுவும் மிச்சமில்லை. ஏறும்போது பேசிக்கொண்டே வந்தார். தசரதனுக்கு இந்தப் பூவைக் காட்ட வேண்டும், அந்த மனுஷனுக்குத் தன் கையால் சோறு போட்டு எத்தனை நாளாகிறது என்றார். அப்புறம் ஊரைக் கூட்ட வேண்டும் என்றார். "தருமன் பயந்தவன். நாலு பேர் முன்னாடி கேட்டா யாரு சொல்லிக் கட்டினான்னு கக்கிடுவான்" என்றார். அவர் தலை மேல்படிக் கல்லுக்கு வந்துவிட்டது. ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"புடிச்சிக்கடா தம்பி" என்றார்.

நான் கயிற்றை விட்டுவிட்டேன். கை வழுக்கவில்லை. களைப்பும் இல்லை. விட்டேன்.

அடியில் பாறை. இரண்டாவது சத்தம் எதுவும் வரவில்லை. முனை தூணில் இருந்ததால் கயிறு உள்ளே விழவில்லை, இழுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்க் கை கழுவிச் சாப்பிட்டேன். சாயந்திரம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். உடம்பை மேலே எடுத்தபோது உள்ளங்கையில் அந்தச் சிவப்பு அரளி இருந்தது. அம்மன் கொடுத்த பதிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஊரே அழுதது. நானும் அழுதேன். எல்லோருக்கும் அது சரியாகப் பொருந்திவிட்டது, உங்கள் இலாகாவுக்கும்தான். பௌர்ணமி லோடு முழுதாகப் போனது.

தசரதனுக்கு மட்டும் பொருந்தவில்லை. காரியம் முடிந்து வீட்டைக் கழுவும்போது சாமி மாடத்தில் ஒரு வாடின செவ்வரளியைப் பார்த்திருக்கிறார். அக்கா எடுத்த பூ இங்கே இருக்கிறது, அப்படியென்றால் கையில் இருந்த பூ எது? போன ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஊரில் படித்தவன் நான்தானே. என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அந்தப் பூவைத் தரையில் வைத்துவிட்டு, குழந்தை மாதிரி தேம்பினார். "அவ ஆக்கின சோத்த நான் தொடல தம்பி. நாய்க்குப் போட்டேன். நாய் தின்னுச்சி, நான் தின்னல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

போலீசுக்குப் போகலாமா என்று நானே கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அம்மனைத்தான் கேட்கப்போகிறாராம். "வர்ற வெள்ளிக்கெழம. பொட்டலத்த ஊரு பாக்க நானே கட்டுவேன். அவளா உழுந்தாளான்னு கேப்பேன். இல்லன்னு வந்தா, ஒவ்வொருத்தன் பேரா சொல்லிக் கேப்பேன். மொதல்ல தருமன், அப்பறம் கலையரசன். உன் பேர வெக்க மாட்டேன், நீ நம்ம ஊட்டுப் புள்ள" என்றார். தருமன் அக்கா இறந்ததிலிருந்து வாய் திறந்து யாரோடும் பேசுவதில்லை. அவர் பெயருக்கு வெள்ளை வந்துவிட்டால் ஊர் அவரை உயிரோடு விடாது. ஒரு தப்பும் செய்யாத கிழவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சாக நான் காரணமாக இருக்கக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம் சார். சரி, சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தசரதன் போனதிலிருந்து நான் தூங்கவில்லை. இதுவரை அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாளைக்குத் தெரியாது. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கோயிலில் முதல்முறையாக ஒழுங்காகக் கேட்கப்போகிறார்கள். அங்கே கல்லைத் தவிர எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், பாருங்கள். தயவுசெய்து என்னை இன்றைக்கே உள்ளே வைத்துவிடுங்கள். கம்பெனி வக்கீல் வருவதற்குள் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வந்தால் எனக்கு மூளை சரியில்லை என்று சொல்லி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நீங்களும் அனுப்பிவிடுவீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை, இந்தக் கட்டடத்துக்குப் போன வருஷம் சுண்ணாம்பு அடித்துக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

என்ன கேட்டீர்கள்? பூ கேட்காமல் தேர்தல் நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்றா?

அதில் சந்தேகமே இல்லை சார். ஊரில் கலையரசனுடைய பங்காளிகள்கூட அக்காவுக்குத்தான் போட்டிருப்பார்கள். சரோஜாவே போட்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன். என்னைக் கெட்டவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஊரில் எனக்கும் ஓட்டு இருக்கிறது. தேர்தல் நடந்திருந்தால் நானும் அக்காவுக்குத்தான் போட்டிருப்பேன்.